குளிர்கால டயர்: தனி ரிம்மா, ஒரே ரிம்மா?

கனடாவின் கியூபெக் மாகாணத்தில் டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை குளிர்கால டயர் கட்டாயம். அண்டை மாகாணமான ஒன்ராறியோவில் அப்படியில்லை. ஆனாலும் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே கோடை டயரின் ரப்பர் இறுகிப் பிடிமானம் குறைவதால் அங்கும் பலர் மாற்றுகிறார்கள். வாங்கும்போது எல்லோரும் தயங்குவது ரிம், அதாவது டயரை மாட்டும் உலோகச் சக்கர விஷயத்தில்தான்: குளிர்கால டயருக்கென்று தனி ரிம் வாங்குவதா, கோடை டயரின் ரிம்மிலேயே மாற்றி மாற்றி மாட்டுவதா?

செலவு: தனி ரிம்முக்கு முதலில் கூடுதல் பணம். ஒரே ரிம் என்றால் ஆண்டுக்கு இருமுறை கழற்றி மாட்டிச் சமன்செய்யும் கூலி.

உழைப்பு: தனி ரிம்மை வீட்டு வாசலிலேயே மாற்றலாம், 100 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளின் இறுக்கத்தை மறுபடி பாருங்கள். மற்றதற்குக் கடைதான். முதல் பனி விழுந்த வாரத்தில் அங்கே இடம் கிடைப்பது பெரும்பாடு.

சேமிப்பு: ரிம்முடன் இருப்பதை அடுக்கலாம், தொங்கவிடலாம். வெறும் டயரைத் தொங்கவிட்டால் வடிவம் கெடும், நிமிர்த்தி வையுங்கள். எதுவானாலும் சாலை உப்பு போகக் கழுவி, நன்றாக உலர்த்தி, 'முன் இடது' என்று சாக்பீஸால் எழுதிப் பையில் கட்டுங்கள். மின்மோட்டார் அருகே வேண்டவே வேண்டாம். அதன் ஓசோன் ரப்பரில் வெடிப்பு விழச் செய்யும்.

காரைப் பல ஆண்டு வைத்திருப்பவர் தயங்காமல் தனி ரிம் வாங்கலாம். கார் குத்தகை முடியப்போகிறவருக்கு ஒரே ரிம் போதும். அடுக்குமாடியில் இடமில்லாதவர் எதை வாங்கினாலும், கட்டணம் கட்டிக் கடையிலேயே டயரை வைக்கலாம்.