கமடோர் 64, அமிகா 500: இன்றைய திரையில் ஒன்பது வருட அனுபவம்

என் மேஜையில் ஒன்பது வருடமாக ஒரு கமடோர் 64-உம் ஒரு அமிகா 500-உம் இருக்கின்றன, 1980-களின் வீட்டுக் கணினிகள், இரண்டும் ஐரோப்பிய பிஏஎல் (வினாடிக்கு 50 படம் காட்டும் டிவி முறை) மாடல். அவற்றை ஓடவைப்பதைவிட, அவை காட்டும் படத்தை ஒழுங்காகத் திரையில் வரவைக்கத்தான் எனக்கு அதிக நேரம் பிடித்தது. புதிதாக இதில் இறங்குபவர்கள் அதே இடங்களில் முட்டிக்கொள்வதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

கமடோர் 64-ஐ ஆன் செய்ததும் நீலத் திரையில் 38911 பைட் காலியாக இருக்கிறது என்று ஒரு வரி வரும். கண் டாக்டரின் எழுத்துப் பலகைபோல அந்த எண்ணைத்தான் நான் வைத்துக்கொண்டேன். 3-உம் 8-உம் தனித்தனியாகத் தெரிந்தால் அந்த இணைப்பு தேறும்.

ஆன்டெனா சாக்கெட் வழியாக இணைப்பதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை, படம் வரும், கூடவே இரைச்சலும் வரும். அடுத்து காம்போசிட் கேபிள், ஒற்றை மஞ்சள் பின். இதில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன, டிவி அதைப் பிரித்தெடுக்கும்போது எழுத்தின் ஓரமெல்லாம் புள்ளிப்புள்ளியாக ஊர்கிறது. என் எல்சிடி டிவியில் 3-உம் 8-உம் ஒரே கறைபோலத்தான் இருந்தன. ஒரு வருடம் அப்படியே ஓட்டினேன், கணினியே இவ்வளவுதான் என்று நம்பி.

அப்புறம்தான் தெரிந்தது, 8 பின் வட்ட சாக்கெட் உள்ள கமடோரில் வெளிச்சத்துக்கும் நிறத்துக்கும் தனித்தனி கம்பி இருக்கிறது, அதாவது கிட்டத்தட்ட எஸ்-வீடியோ. 1980-களின் தொடக்கத்திலேயே இது இருந்தது என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆச்சரியம்தான். (ஆரம்பகால 5 பின் மாடலில் தனி நிறக் கம்பி கிடையாது, கேபிள் வாங்கும் முன் பின்களை எண்ணிப் பாருங்கள்.) ஆனால் கமடோரின் நிற சிக்னல் எஸ்-வீடியோவுக்குத் தேவையானதைவிட வலுவானது, நேராகக் கொடுத்தால் நிறங்கள் அடித்துக்கொண்டு வரும், சதுரம் சதுரமாக ஒரு கோலம் தெரியும். நிறக் கம்பியில் 300 ஓம் ரெசிஸ்டர் ஒன்றை வைத்துப் பற்றவைத்தேன், நிறம் அடங்கியது. அன்றுதான் 38911 முதல்முறையாக 38911 ஆகத் தெரிந்தது. மங்கலாகச் சில செங்குத்துக் கோடுகளும் தெரியத் தொடங்கின, அது வீடியோ சிப்பின் பக்கத்திலிருந்து வருவது, கேபிளை மாற்றிப் பயனில்லை.

இப்போதைய டிவிகளில் எஸ்-வீடியோவே இல்லை என்பதால் இடையில் ஒரு பெட்டி தேவைப்பட்டது. முதலில் ஒரு மலிவான கன்வெர்ட்டர் வாங்கினேன், அதுதான் என் பெரிய தவறு. இந்தக் கணினிகள் ஒவ்வொரு முறையும் முழுப் படத்தை ஒரே மூச்சில் வரைகின்றன, வினாடிக்கு ஏறக்குறைய 50 முறை. அந்தப் பெட்டியோ அதை டிவி ஒளிபரப்புபோல இன்டர்லேஸ் (ஒற்றை வரிகள் ஒருமுறை, இரட்டை வரிகள் மறுமுறை என்று படத்தைப் பாதிப்பாதியாக அனுப்பும் முறை) என்று எடுத்துக்கொண்டு இரண்டு படங்களைச் சேர்த்துப் பின்னுகிறது. விளைவு, ஓடுகிற உருவங்களின் ஓரம் சீப்புப் பல்போலக் கிழிகிறது, மின்னி மறையவேண்டிய உருவம் பாதியாக நிற்கிறது, பட்டன் அழுத்தி ஒரு கணம் கழித்துத்தான் ஆள் குதிக்கிறான். விளையாட்டுக்கு இது ஆகவே ஆகாது. அதை எடுத்துவிட்டு பழைய விளையாட்டுக் கருவிகளுக்கென்றே உள்ள ரெட்ரோடிங்க் 2எக்ஸ் என்ற பெட்டியை வைத்தேன், அது வரிகளை இரட்டிப்பாக்கி அனுப்புகிறது, அவ்வளவுதான். தாமதம் என் கைக்குத் தெரியவில்லை.

அமிகாவில் கதை வேறு. அதில் அனலாக் ஆர்ஜிபி இருக்கிறது, சிவப்பு பச்சை நீலம் தனித்தனியாக, இதைவிடச் சுத்தமான சிக்னலை அந்தக் காலத்து வீட்டுக் கணினியில் எதிர்பார்க்க முடியாது. சிக்கல், அது 23 பின் சாக்கெட், கனெக்டர் கிடைப்பதே அரிது, நான் 25 பின் கனெக்டரின் ஒரு ஓரத்தை அறுத்துத்தான் பொருத்தினேன். அந்த சாக்கெட்டில் 12 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வருகின்றன, ஒரு பின் தவறினால் எதையாவது எரித்துவிடலாம், மல்டிமீட்டரால் ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகே மின்சாரம் கொடுங்கள்.

அதற்கு முன் விஜிஏ (கணினி மானிட்டர்களின் பழைய இணைப்பு) முனை உள்ள கேபிள் ஒன்றை வாங்கி எல்சிடி மானிட்டரில் சொருகியிருந்தேன். அச்சாகப் பொருந்தியது, திரை மட்டும் கருப்பு. விஜிஏ மானிட்டருக்கு வினாடிக்கு ஏறக்குறைய 31,500 வரிகள் வேண்டும், அமிகா தருவது 15,625. முனை பொருந்துவது வேறு, சிக்னல் பொருந்துவது வேறு என்று அன்று முழு நாளையும் கொடுத்துக் கற்றேன். 15 கிலோஹெர்ட்ஸை, அதாவது வினாடிக்கு 15 ஆயிரம் சொச்சம் வரிகளை, ஏற்கும் எல்சிடி மானிட்டர்களும் சில உண்டு, வாங்கும் முன் கையேட்டில் கிடைமட்ட அதிர்வெண் எங்கே தொடங்குகிறது என்று பாருங்கள், 30 கிலோஹெர்ட்ஸ் என்றிருந்தால் விட்டுவிடுங்கள்.

இப்போது அமிகா ஓஎஸ்எஸ்சி என்ற இடைப்பெட்டி வழியாகப் போகிறது. ஸ்கார்ட் (ஐரோப்பிய டிவிகளின் பழைய பெரிய சாக்கெட்) உள்ளே, எச்டிஎம்ஐ வெளியே. படத்தைச் சேமித்துவைத்து அனுப்பாமல் வரி வரியாகப் பெருக்குவதால் தாமதம் சேர்வதில்லை. ஆனால் வந்த 50 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு 50 படம், அப்படியே வெளியே போகிறது, என் முதல் மானிட்டர் அதை ஏற்கவே இல்லை. 60 ஹெர்ட்ஸாக மாற்றித் தரும் கருவிகள் உண்டுதான், ஆனால் ஐந்து படத்துக்கு ஒன்று இரண்டுமுறை காட்டப்படும், பக்கவாட்டில் ஓடும் காட்சி தடுக்கித் தடுக்கிப் போகும். எனக்கு அது பொறுக்கவில்லை, 50-ஐ நேராக ஏற்கும் டிவிக்கு மாறிவிட்டேன்.

விளையாட மட்டும் இன்றும் ஒரு 14 அங்குல டியூப் டிவிதான். ஸ்கார்ட் நேராக, இடையில் எதுவும் இல்லை. அதிலிருந்து வரும் மெல்லிய ரீங்காரமே அந்த 15,625-தான், எல்லாக் காதுக்கும் கேட்காது. உள்ளே உயர் மின்னழுத்தம் அணைத்த பிறகும் தங்கியிருக்கும், மூடியைத் திறக்கவே திறக்காதீர்கள்.

இன்னும் தீராதது ஒன்று உண்டு. அமிகா டெஸ்க்டாப்பை இன்டர்லேஸில் வைத்தால் ஓஎஸ்எஸ்சியிலும் மெல்லிய கோடுகள் துடிக்கின்றன. அதனால் இன்டர்லேஸ் இல்லாத 640-க்கு 256 புள்ளிகளிலேயே வைத்திருக்கிறேன், ஐகான்கள் நீளமாகத் தெரிகின்றன, ஆனால் எழுத்து அசையாமல் நிற்கிறது.