மெர்லினின் மூலம்: ஊர்ப்பெயரா, வடக்கத்திப் பித்தரா, ஜெஃப்ரியின் ஒட்டுவேலையா?

ஆர்தர் கதைகளின் மந்திரவாதி மெர்லினுக்கு வெல்ஷ் மொழியில் மர்தின் என்று பெயர். அவருடைய மூலம் பற்றி மூன்று கட்சிகள் உண்டு. மூன்றும் ஒரே கேள்விக்கு விடை சொல்வதாக நினைத்து மோதுகின்றன. கிட்டப் போய்ப் பார்த்தால் ஒன்று பெயரையும், ஒன்று கதையையும், ஒன்று புகழையும்தான் விளக்குகிறது.

ஊர்ப்பெயர் கட்சி. தென்மேற்கு வேல்ஸின் கார்மார்தன் நகரம் ரோமானியர் காலத்தில் ‘மொரிடூனம்’ எனப்பட்டது. ‘மொரி’ கடல், ‘டூன்’ கோட்டை. அது நாளடைவில் தேய்ந்து ‘மர்தின்’ ஆனது. பொருள் மறந்துபோனதால் முன்னால் இன்னொரு கோட்டையை, அதாவது ‘கைர்’ என்பதைச் சேர்த்தார்கள். ‘நடு சென்டர்’ என்கிறோமே, அந்த ரகம். புணர்ச்சியில் ம, வ ஆகி ‘கைர்வர்தின்’ என்றானது. கேட்டவர்களுக்கு அது ‘மர்தினுடைய கோட்டை’. அப்படியானால் மர்தின் என்று ஒருவர் இருந்திருக்க வேண்டுமே! வெல்ஷ் இலக்கிய அறிஞர் ஏ. ஓ. எச். ஜார்மன் விரிவாக வாதிட்ட கருத்து இது. பெயருக்கு இதைவிடச் சுத்தமான விளக்கம் கிடையாது. ஆனால் அந்த ஆள் ஏன் பித்தராகவும் வருங்காலம் சொல்பவராகவும் ஆனார் என்று கேட்டால் ஊர்ப்பெயர் வாய் திறக்காது.

வடக்கத்திப் பித்தர் கட்சி. 573-இல் ஆர்வ்தெரிட் போர் நடந்ததாக வெல்ஷ் ஆண்டுக்குறிப்புகள் சொல்கின்றன. இடம் வட இங்கிலாந்தில் இன்றைய கம்பிரியாவின் ஆர்த்துரெட் பக்கம். தலைவன் க்வெந்தொலை மடிகிறான். அவன் பக்கத்து ஆள் ஒருவர் புத்தி பேதலித்துக் கெலிதோன் காட்டுக்குள் ஓடுகிறார். ‘கார்மார்தன் கருநூல்’ என்ற வெல்ஷ் சுவடியின் பாடல்களில் அவர் ஓர் ஆப்பிள் மரத்தோடும் பன்றிக்குட்டியோடும் பேசுகிறார். தொடையளவு பனி, முடியில் தொங்கும் பனிக்கூர், அரசன் ரித்தெர்கின் ஆட்கள் வந்துவிடுவார்களோ என்ற நடுக்கம். கெண்டிகெர்ன் என்ற துறவியைப் பற்றிய லத்தீன் கதைகளில் இதே ஆள் லைலோக்கன் என்ற பெயரில் வருகிறார்: இடையர்களிடம் அடிபட்டு, கழியில் குத்துண்டு, ஆற்று நீரில் மூச்சடங்கி, ஒரே நேரத்தில் மூன்று விதமாகச் சாகிறார். ‘மர்தினும் குவெந்திதும்’ என்ற உரையாடல் பாடலில் தங்கை இவரை ‘லல்லோகன்’ என்றும் அழைக்கிறாள். பித்தருக்கு முதலில் அதுதான் பெயர், ‘மர்தின்’ பிறகு ஏறியது என்று நினைக்க இது வலுவான காரணம்.

இங்கே பலரும் சறுக்குவது காலக்கணக்கில். கருநூல் ஏறத்தாழ 1250-ஐச் சேர்ந்த சுவடி. மெர்லினைப் புகழ்பெறச் செய்த பன்னிரண்டாம் நூற்றாண்டு லத்தீன் எழுத்தாளர் ஜெஃப்ரிக்கு நூறாண்டு பிந்தியது. பாடல் பழையதாக இருக்கலாம், ஆனால் ஏட்டின் வயது வேறு, பாட்டின் வயது வேறு. ஆண்டுக்குறிப்பிலும் அப்படித்தான்: பழைய படியில் வெறும் ‘ஆர்வ்தெரிட் போர்’, ‘மெர்லின் பித்தானார்’ என்பது பிந்தைய படியில்தான். ‘கொதோதின்’ என்ற பழைய வெல்ஷ் பாடலில் மர்தின் பெயர் இருக்கிறதே என்பார்கள். அது ஒரு பாடத்தில் மட்டும் உண்டு, மற்றதில் இல்லை. இடைச்செருகல் என்றே கொள்ளலாம்.

ஒட்டுவேலைக் கட்சி. 829-30-இல் எழுந்த ‘பிரித்தானியர் வரலாறு’ என்ற லத்தீன் நூலில், வோர்டிகெர்ன் என்ற பிரித்தானிய அரசனின் கோட்டை நிற்காமல் சரிந்துகொண்டே இருக்கிறது. தந்தையில்லாத சிறுவன் ஒருவன் வந்து, அடியில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு நாகங்கள் சண்டையிடுவதைக் காட்டுகிறான். அவன் பெயர் அம்புரோசியஸ். மர்தின் என்ற பேச்சே அங்கில்லை. 1130-களில் மான்மத் ஜெஃப்ரி அந்தச் சிறுவனைத் தூக்கி, ஊரைக் கார்மார்தனாக்கி, ‘அம்புரோசியஸ் என்றும் அழைக்கப்பட்ட மெர்லின்’ என்று ஒரே வரியில் முடிச்சுப் போட்டுவிட்டார். வடக்கத்திப் பித்தரின் கதை அவர் கைக்கு நன்றாக எட்டியது பிறகுதான் போலிருக்கிறது. 1150 வாக்கில் ‘மெர்லின் வாழ்க்கை’ என்று 1,500 அடிகளுக்கு மேல் எழுதிக் காட்டுக்கு அனுப்பினார். ‘மர்தின்’ ‘மெர்லின்’ ஆனதும் அவரால்தான். லத்தீனில் ‘மெர்டினஸ்’ என்று எழுதினால் பிரெஞ்சுக்காரர் காதில் மலம் என்று விழும் என்பதால் மாற்றினார் என்பது பழைய ஊகம். நிரூபிக்க முடியாது, ஆனால் நம்பத் தோன்றும்.

அப்படியானால் முழுக்க ஜெஃப்ரியின் கைவண்ணமா? அங்கே ‘பிரிட்டனின் தீர்க்கதரிசனம்’ என்ற பத்தாம் நூற்றாண்டு வெல்ஷ் பாடல் குறுக்கே நிற்கிறது. ஜெஃப்ரிக்கு இருநூறாண்டு முன்பே அதில் ‘மர்தின் முன்னுரைக்கிறார்’ என்ற வாசகம் இருக்கிறது. பெயரும் வாக்குச் சொல்லும் வேலையும் அப்போதே சேர்ந்துவிட்டன. அதே பாடலின் தொடக்கத்தில் ‘அருள் முன்னுரைக்கிறது’ என்று வருவதால், பிரதி எடுத்தவர் யாரோ மாற்றிவிட்டார் என்று சந்தேகிப்பவர்களும் உண்டு. எனக்கு அது சாக்காகவே படுகிறது.

ஆக, பெயர் கார்மார்தனுடையது, பித்து வடக்கினுடையது, நாகமும் கோட்டையும் அம்புரோசியஸுடையவை. பன்னிரண்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே எழுத்தாளர் வேல்ஸின் ஜெரால்டுக்கு முடிச்சு தெரிந்துவிட்டது. மெர்லின்கள் இருவர் என்று அவர் எழுதி வைத்தார்: ஒருவர் அம்புரோசியஸ், மற்றவர் கெலிதோன் காட்டுக்காரர்.