48,500 ரூபாய் போயிற்று: சின்ன அறைக்கு ஹோம் தியேட்டர் வாங்கப்போகிறவர்கள் கவனிக்கவும்

நேற்று இரவு தூக்கமே இல்லை. 48,500 ரூபாய். இரண்டு வருடம் சீட்டுக் கட்டிச் சேர்த்த பணம்.

பாளையங்கோட்டையில் எங்கள் மாடி அறை பத்தடிக்குப் பத்தடி. அப்பாவுக்குக் காது கொஞ்சம் மந்தம். பழைய படங்களின் வசனம் அவருக்குத் தெளிவாகக் கேட்க வேண்டும் என்றுதான் 5.1 செட் (ஐந்து ஸ்பீக்கர், தாழ்ந்த ஒலிக்கென்று ஒரு சப்-வூஃபர்) வாங்கப் போனேன்.

நெல்லையில் ஒரு பெரிய ஆடியோ கடை. கனத்த திரைச்சீலை தொங்கும் நீளமான ஏசி கூடத்தில் போட்டுக் காட்டினார்கள். மழைச் சத்தம் நாலா பக்கமும் பெய்தது. "என் அறை சின்னது அண்ணாச்சி, பத்துக்குப் பத்துதான்" என்றேன். முதலாளி காலண்டர் தாள் ஒன்றைக் கிழித்து, பின்பக்கம் சதுரம் வரைந்து, ஸ்பீக்கருக்கு ஒன்றாக ஐந்து புள்ளி வைத்தார். "உங்கள் அறைக்கென்றே வந்த செட் தம்பி. சரியில்லை என்றால் திருப்பிக் கொண்டுவாருங்கள், நான் இருக்கிறேன்" என்றார். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நம்பினேன். தாளைச் சட்டைப் பையில் பத்திரமாக வைத்துக்கொண்டேன். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி போட்டால் விலை கூடும்" என்று எஸ்டிமேட் சீட்டு ஒன்றை நீட்டினார். அதையும் வாங்கிக்கொண்டேன்.

மாட்ட வந்த பையன் டேப்பைக்கூட எடுக்கவில்லை. சப்-வூஃபரைப் பீரோவுக்கும் சுவருக்கும் நடுவே மூலையில் தள்ளினான். பின்பக்க ஸ்பீக்கர் இரண்டையும் கூரையை ஒட்டி மாட்டினான். வசனம் பெரும்பாலும் வருவதே நடு ஸ்பீக்கரில்தான். அதை டிவி ஸ்டாண்டின் கீழ்த்தட்டில், முழங்காலுக்கும் கீழே சொருகிவிட்டுப் போய்விட்டான். படம் போட்டதும் பீரோவின் கைப்பிடி கடகடவென்று ஆடியது. வசனம் ஒன்றும் புரியவில்லை. பத்து நிமிடத்தில் அப்பா, "போதும் ஐயா, நிறுத்திவிடு" என்றார்.

என் மைத்துனர் வந்து பார்த்துச் சொன்னார்: சதுர அறையில் நீளமும் அகலமும் ஒன்று என்பதால், பத்தடிக்குச் சுமார் 56 ஹெர்ட்ஸில் தாழ்ந்த ஒலி இரட்டிப்பாக வீங்கும், சப்-வூஃபரை மூலையில் வைத்தால் இன்னும் மோசம். அவர் அதை மூன்றடி நகர்த்தியதுமே பாதி இரைச்சல் அடங்கியது. பெட்டியில் கொட்டை எழுத்தில் 8,000 வாட்ஸ் பிஎம்பிஓ, விளம்பரத்துக்காக ஊதிப் போடும் எண். பின்பக்க லேபிளில் ஆர்எம்எஸ், அதாவது தொடர்ந்து தரும் உண்மையான சக்தி, வெறும் 80.

கடைக்குப் போன் செய்தேன். முதல் நாள், "முதலாளி திருச்செந்தூர் போயிருக்கிறார்." மறுநாள், "மெக்கானிக் தென்காசியில் இருக்கிறார்." நேற்று நேரிலேயே போனேன். தம்பி என்று அழைத்த அதே மனிதர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "புது செட் அப்படித்தான் இருக்கும், காது பழகிவிடும். பெட்டியைப் பிரித்த பிறகு திரும்ப எடுக்க மாட்டோம்" என்கிறார். 48,500 ரூபாய் கொடுத்தவன் காதைப் பழக்கிக்கொள்ள வேண்டுமாம்!

என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆத்திரத்தில் கை ஓடவில்லை. இவற்றை மட்டும் மறக்காதீர்கள். கடைக் கூடத்தில் கேட்டு மயங்காதீர்கள். பிஎம்பிஓ எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் ஆர்எம்எஸ் எவ்வளவு என்று கேளுங்கள். நடு ஸ்பீக்கர் உட்கார்ந்திருப்பவர் காது மட்டத்தை ஒட்டி இருக்கட்டும். பின்பக்க ஸ்பீக்கர்கள் காதுக்குச் சற்று மேலே போதும். திருப்பி எடுப்பேன் என்றால் எழுதி வாங்குங்கள். ஜிஎஸ்டி பில் இல்லாமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது. எஸ்டிமேட் சீட்டையும் அந்தக் காலண்டர் தாளையும் நகலெடுத்து வைத்துவிட்டேன். திங்கட்கிழமை மனுக் கொடுக்கிறேன்.