நாக்கு அறுவைக்குப் பின் கஞ்சி கொடுக்க: 50 மி.லி. கேத்தீட்டர் முனை சிரிஞ்சு

நாக்கை முழுதாகவோ பெரும்பகுதியோ எடுத்தவர்களுக்கு முதல் சில வாரம் சாப்பாடு மூக்குக் குழாய் வழியாகத்தான். தொடைச் சதையையோ முன்கைத் தோலையோ வைத்து நாக்கைப் புதிதாக அமைத்திருந்தாலும் அது தானாக அசையாது, உணவைத் தொண்டைக்குத் தள்ளாது. வீட்டில் அன்றாடம் கையில் இருக்கப்போவது இந்த சிரிஞ்சுதான். மலிவு, நல்ல பொருள். ஆனால் வாங்கும்போதே தப்பு நடந்துவிடுகிறது.

மெடிக்கல் ஷாப்பில் வெறுமனே "50 மி.லி. சிரிஞ்சு" என்றால் ஊசி மாட்டும் குறுகிய முனை உள்ளதைக் கொடுத்துவிடுவார்கள். ரைல்ஸ் டியூப் எனப்படும் இந்த மூக்குக் குழாயின் அகல வாயில் அது நிற்காது, ஓரமெல்லாம் ஒழுகும். நீண்டு கூம்பிய கேத்தீட்டர் முனை என்று கேளுங்கள். பக்கத்தில் இல்லாவிட்டால் சென்னை பார்க் டவுன் நைனியப்ப நாயக்கன் தெரு சர்ஜிகல் கடைகளில் பாருங்கள்.

கொடுக்குமுன் மூக்கருகே குழாயில் போட்ட குறி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் நீங்களே உள்ளே தள்ளாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். குறி சரியாக இருந்தால் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி, பிஸ்டனைக் கழற்றி, குழாயை மடக்கிப் பிடித்தபடி சிரிஞ்சை மாட்டிக் கஞ்சியை ஊற்றுங்கள். மடிப்பை விட்டால் தானே இறங்கும். 200 மி.லி. இறங்க 15, 20 நிமிடம் ஆகட்டும். வேகமானால் கையைத் தாழ்த்துங்கள். முன்னும் பின்னும் 30 மி.லி. தண்ணீர். அடுத்த அரை மணி நேரம் படுக்க விடாதீர்கள்.

குழாய் அடைத்தால் பெரும்பாலும் சத்துமாவுக் கஞ்சிதான் காரணம். ஆற ஆற இறுகும். வேட்டித் துணியில் வடிகட்டி, வெதுவெதுப்பாகவே கொடுத்துவிட வேண்டும். பால் விட்ட கையோடு எலுமிச்சைச் சாறு விட்டால் குழாய்க்குள்ளேயே திரியும். மாத்திரைப் பொடியைக் கஞ்சியில் கலக்காமல் தண்ணீரில் கரைத்துத் தனியே விடுங்கள். எந்த மாத்திரையைப் பொடிக்கலாம் என்பதை டாக்டர் சொல்ல வேண்டும்.

இந்த சிரிஞ்சின் உண்மையான குறை பிஸ்டன் ரப்பர். நெய், எண்ணெய் பட்டுப்பட்டு உப்பிவிடும். இழுத்தால் முரண்டு பிடிக்கும், அழுத்தினால் சட்டென்று மொத்தமும் பாயும். வாய்வழி கொடுக்கும் கட்டத்தில் இதுதான் ஆபத்து. அப்போது முனையில் மெல்லிய ரப்பர் குழாய் மாட்டி, வாயின் பின்பக்கத்தில் 3 முதல் 5 மி.லி.தான் விடுவார்கள். ஒரேயடியாகப் பாய்ந்தால் நுரையீரலுக்குப் போய்விடும். விழுங்கும் பரிசோதனை செய்து ஸ்பீச் தெரபிஸ்ட் (பேச்சு, விழுங்கல் பயிற்சி தருபவர்) சம்மதித்த பிறகே அதைத் தொடங்க வேண்டும். இருமினாலோ குரல் கொழகொழத்தாலோ உடனே நிறுத்த வேண்டும்.

ஒருமுறை உபயோகம் என்றுதான் கவரில் இருக்கும். வீட்டில் கழுவிப் பயன்படுத்துவதானால் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் போதும், கொதிக்க வைக்காதீர்கள். அளவுக் கோடு மங்கினாலோ பிஸ்டன் பிடித்தாலோ அன்றே புதியதை எடுங்கள்.