உமி போட்ட ஐஸ் கிடங்கு: நாகைத் துறைமுகத்து ஐஸ் கம்பெனி எப்படி?

மீன் வியாபாரிகள் நம்பி வாங்கலாம். ஒரு பார், அதாவது நீள ஐஸ் கட்டி, 50 கிலோ. உப்புநீர்த் தொட்டியில் இறக்கிய தகர அச்சில் உறைய ஏறக்குறைய ஒரு நாள் பிடிக்கும். முன்கூட்டியே உருவினால் நடுவில் தண்ணீர் நிற்கும், தூக்கும்போதே பார் பிளக்கும். இங்கே அந்த அவசரம் கிடையாது.

கிடங்குதான் அருமை. இங்கிலாந்தின் பழைய பண்ணை மாளிகைகளில், குளிர்காலத்தில் குளத்து ஐஸை வெட்டிச் செங்கல் குழியில் நெருக்கி அடைத்து, வைக்கோல் மூடி, அடியில் உருகிய நீர் வடிய வழிவிட்டு, கோடைவரை காப்பாற்றினார்கள். இங்கும் அதே முறைதான்: சரிவான தரை, ஓரத்தில் வடிகால், பாருக்குப் பார் இடைவெளி இல்லை, மேலே நெல் உமி, அதன்மேல் சாக்கு. டெல்டாவில் உமிக்கா பஞ்சம்!

குறை இரண்டு. உமியை மாற்றுவதே இல்லை. காய்ந்த உமிக்குள் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது. நனைந்தால் அங்கே நீர் புகுந்து வெப்பத்தைக் கடத்திவிடும். அடுத்தது, கதவு ஒன்றே ஒன்று. அந்த மாளிகைக் குழிகளுக்குப் பெரும்பாலும் நடைவழியும் இரட்டைக் கதவும் இருந்தன. நம் கடற்கரைக் காற்றின் ஈரம் ஐஸ்மேல் படிந்து நீராகும்போது வெப்பத்தைக் கக்கும், உருகல் கூடும். உள்ளே இன்னொரு கதவு அவசியம் வேண்டும்.

வாங்குபவர்கள் கோடையில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் கணக்கு வையுங்கள். பொடியாக நொறுக்கச் சொல்லிக் கேளுங்கள்; பெரிய துண்டு மீனை நசுக்கும்.