ஃபாக்ஸ்புரோவும் நானும்: ஒரு மண்டிக் கணக்கை இணையத்தோடு இணைத்த பதினொரு வருடம்

விருதுநகரில் ஒரு பருப்பு மண்டி. அதன் பில், பேரேடு, சரக்கு இருப்பு எல்லாம் இன்றும் மைக்ரோசாஃப்டின் பழைய தரவுத்தள மென்பொருளான விஷுவல் ஃபாக்ஸ்புரோவில்தான் ஓடுகின்றன. யார் எழுதிய நிரல் என்று கேட்டால், “முன்பு ஒரு தம்பி வந்து போட்டுக் கொடுத்தார்” என்பார்கள். அடுத்த பதிப்பு கிடையாது என்று மைக்ரோசாஃப்ட் 2007 மார்ச்சிலேயே அறிவித்துவிட்டது. ஒன்பதாம் பதிப்புக்கான ஆதரவும் 2015 ஜனவரியோடு முடிந்தது. ஆனால் கணக்கர் விசையைத் தட்டியதும் பில் வந்து நிற்கிறது. அதை மாற்றச் சொல்லி யாரும் என்னைக் கூப்பிடவில்லை. 2014இல் மண்டி முதலாளி அண்ணாச்சி கேட்டது ஒன்றே ஒன்று: லைனுக்கு வசூலுக்குப் போகிற பையன்கள், கடைக்காரரின் நிலுவையைக் கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்; மண்டிக்குப் போன் போட்டுக் கணக்கரை நச்சரிக்கக் கூடாது.

எனக்குத் தெரிந்தது இணையப் பக்கங்கள் எழுதும் பிஎச்பி மொழி. ஃபாக்ஸ்புரோ தன் அட்டவணைகளைச் சேமிக்கும் டிபிஎஃப் கோப்பைத் திறக்க, அதில் ‘டிபேஸ்’ என்ற நீட்சி (துணை நிரல்) முன்பு கூடவே வந்தது, 5.3 பதிப்பிலிருந்து தனியாக எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். போட்டேன், திறந்தது, வேகமாகவும் இருந்தது. அந்த உற்சாகத்தில் செய்த காரியத்துக்குத்தான் இன்றுவரை வெட்கப்படுகிறேன். பார்ப்பதோடு நிற்காமல், பையன்கள் வாங்கிய பணத்தை அங்கிருந்தே வரவு வைக்கவும் வழி செய்துவிட்டேன்.

மூன்றாம் நாள் கணக்கர் கூப்பிட்டார். அருப்புக்கோட்டைக் கடைக்காரர் பணம் கட்டியதாகச் சொல்கிறார்; பையனும் பதிந்ததாகச் சொல்கிறான்; கணக்கில் இல்லை. நான் போய்ப் பார்த்தேன். அட்டவணையை வரிசை எதுவும் இல்லாமல் திறந்தால் வரவு இருக்கிறது. வாடிக்கையாளர் எண் வரிசையில் திறந்தால் காணவில்லை. ஃபாக்ஸ்புரோ தன் அட்டவணைக்குப் பக்கத்தில் சிடிஎக்ஸ் என்ற சுட்டுக்கோப்பை வைத்துக்கொண்டு அதன் வழியாகத்தான் தேடுகிறது. பிஎச்பியின் நீட்சிக்கு அப்படி ஒரு கோப்பு இருப்பதே தெரியாது. அது வரியை டிபிஎஃபின் வாலில் ஒட்டிவிட்டு எழுந்து போய்விடும். அன்று இரவு எல்லாக் கணினிகளிலும் நிரலை மூடச் சொல்லி, சுட்டுக்கோப்புகளை மறுபடி கட்டி, மூன்று நாள் வரவுகளைச் சரிபார்த்து முடித்தபோது மணி பன்னிரண்டைத் தாண்டியிருந்தது. கணக்கர் கூடவே உட்கார்ந்திருந்தார், ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்றிலிருந்து வெளியிலிருந்து படிப்பதோடு சரி, எழுதுவதில்லை.

அடுத்து, ஃபாக்ஸ்புரோ தரவை மற்ற நிரல்கள் எடுக்க உதவும் ஓஎல்இ டிபி இணைப்பான். சுட்டுக்கோப்பை மதிக்கும், எஸ்க்யூஎல் என்ற வினவல் மொழியில் கேட்கலாம், நீண்ட குறிப்புகளை வைக்கும் மெமோ புலங்களும் வரும். (இதே வேலையைச் செய்யும் ஓடிபிசி இயக்கி இதைவிடப் பழையது, பிற்காலப் பதிப்புகளில் வந்த தானாக எண் ஏறும் புலம் இருந்தால் அதனால் அட்டவணையைத் திறக்க முடியாது.) சங்கடம் என்னவென்றால், இந்த இணைப்பான் 32 பிட்டில் மட்டுமே உண்டு. விண்டோஸ் 64 பிட்டாக இருந்தாலும் பிஎச்பியை 32 பிட்டில் நிறுவ வேண்டும். விண்டோஸின் இணைய சர்வரான ஐஐஎஸ்ஸிலும் 32 பிட் நிரல்களுக்கு அனுமதி தர வேண்டும். இது தெரியாமல் இரண்டு நாள் ‘இணைப்பான் பதிவாகவில்லை’ என்ற ஒரே பிழைச்செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில் ஒரு பையன் கைப்பேசியை நீட்டினான். ‘கடைசி வரவு: 30-12-1899’. இதுவரை ஒரு ரூபாய்கூடக் கட்டாத புதுக் கடைக்காரர் அவர். ஃபாக்ஸ்புரோவில் தேதிப் புலம் காலியாக இருந்தால், இந்த இணைப்பான் வழியாக வரும்போது அது இந்த நாளாக மாறிவிடும். அண்ணாச்சி பார்த்துவிட்டு, “எங்கள் தாத்தாவே அப்போது பிறக்கவில்லையே தம்பி” என்றார். அந்த நாள் வந்தால் கோடு போடு என்று ஒரு வரி சேர்த்தேன்.

2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபோது வேறு விதமாக அடிபட்டேன். வியாபாரியின் பழைய வரிப் பதிவு எண்ணான டின்னுக்கு 11 இடம். புதிய எண்ணுக்கு 15. ஃபாக்ஸ்புரோவைப் பார்த்துக்கொள்பவர் அட்டவணையின் நடுவில் ஒரு புலத்தைச் செருகிவிட்டார். டிபேஸ் நீட்சியை விடாமல் வைத்திருந்த ஒரே ஒரு பக்கத்தில் நான் புலங்களைப் பெயரால் எடுக்காமல் இட எண்ணால் எடுத்திருந்தேன். விளைவு, நிலுவை இருக்க வேண்டிய இடத்தில் தொலைபேசி எண். சாத்தூரில் ஒரு சின்னக் கடைக்காரருக்குத் தொள்ளாயிரம் கோடிக்கு மேல் பாக்கி.

2019இல் பைதானுக்கு மாறினேன். ‘டிபிஎஃப்ரீட்’ என்ற நூலகம் கோப்பை நேரடியாகப் படிக்கிறது. இயக்கியும் வேண்டாம், விண்டோஸும் வேண்டாம். அதற்கு எழுதத் தெரியாது என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்த அம்சம். கால் மணிக்கு ஒருமுறை டிபிஎஃபை நகலெடுத்து, எஸ்க்யூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் ஏற்றி, பக்கங்களை அங்கிருந்து காட்டுகிறேன். நகலெடுக்கும் நொடியில் யாராவது பில் போட்டுக்கொண்டிருக்கலாம் அல்லவா? அதற்கு ஒரு சோதனை: கோப்பின் தலைப்பகுதியில் வரி எண்ணிக்கையும் ஒரு வரியின் நீளமும் இருக்கின்றன. பெருக்கி, தலைப்பகுதியின் நீளத்தைக் கூட்டினால் கோப்பின் அளவு வர வேண்டும். கடைசியில் ஒரு பைட் கூடலாம். வராவிட்டால் அந்த நகலைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பழைய நகலையே காட்டும்.

ஒன்றில் மட்டும் ஏமாந்தேன். எண் புலத்தின் அகலத்துக்குள் தொகை அடங்காவிட்டால் ஃபாக்ஸ்புரோ அங்கே நட்சத்திரக் குறிகளை நிரப்பிவிடும். இந்த நூலகம் அந்த நட்சத்திரங்களைக் களைந்துவிட்டு, சத்தமில்லாமல் ‘மதிப்பு இல்லை’ என்று தரும். என் பக்கம் அதைப் பூஜ்யமாகக் காட்டியது. மண்டியிலேயே பெரிய பாக்கிதாரர் பாக்கியே இல்லாதவராகிவிட்டார்.

தமிழ் எழுத்துதான் நெடுநாள் தலைவலி. சரக்குப் பெயர்கள் பில்லில் அச்சாவதற்காக யூனிகோடுக்கு முந்தைய எழுத்துரு ஒன்றில் அடித்துவைக்கப்பட்டிருந்தன. பிஎச்பியில் அவற்றை அப்படியே ஜேசன் என்ற தரவு வடிவத்துக்கு மாற்றச் சொன்னால், பைட்டுகள் யுடிஎஃப்-8 (யூனிகோடின் ஒரு குறியாக்கம்) இல்லை என்று அது ‘பொய்’ என்ற மதிப்பைத் திருப்பித் தரும். திரை வெறுமையாக நிற்கும். பைதானில் லத்தீன்-1 குறியாக்கம் என்று சொல்லித் திறந்தால் பைட்டுகள் ஒன்றுக்கு ஒன்றாக, சேதமில்லாமல் வந்துவிடுகின்றன. அதன்பின் மாற்று அட்டவணை எழுத வேண்டியதுதான். ‘கொத்தமல்லி’யை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய எழுத்துருவில் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோடில் முதலில் க, அதன்பின் ஒகரக் குறி ஒன்றே. கொம்பைத் தூக்கிப் பின்னால் வைத்து, காலோடு சேர்க்க வேண்டும். சேர்க்காமல் விட்டால் கண்ணுக்குச் சரியாகத் தெரியலாம், தேடினால் கிடைக்காது. மல்லி வியாபாரம் செய்கிற ஊரில் மல்லி கிடைக்காவிட்டால் என்ன ஆகும்?

புதிதாகத் தொடங்குபவர்களுக்கு: விண்டோஸ் சர்வர் கையில் இருந்து, அந்த நொடியின் நிலவரமே வேண்டும் என்றால் ஓஎல்இ டிபி. கால் மணி நேரம் பிந்தினால் பரவாயில்லை என்றால் பைதானும் நகலும். டிபேஸ் நீட்சியை இனி யாருக்கும் சொல்ல மாட்டேன்.

வரவு, ஆர்டர் எல்லாம் இப்போது கைப்பேசியிலிருந்து சிஎஸ்வி என்ற எளிய உரைக்கோப்பாக வந்து சேர்கின்றன. ஃபாக்ஸ்புரோ நிரலில் புதிதாக ஒரு பொத்தான். கணக்கர் அதை அழுத்தினால் நிரலே தன் கையால் வரிகளைச் சேர்த்துக்கொள்கிறது. சுட்டுக்கோப்பும் கூடவே சரியாகிறது. அதைத் தானாக நடக்கும்படி செய்யட்டுமா என்று போன தீபாவளிக்கு முன் கேட்டேன். வேண்டாம் என்றார். ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்துவிட்டுத்தான் அழுத்துகிறார்.