ஒரே திரிகோணாசனம், மூன்று வாத்தியார்கள்

யோகா பழகி மூன்று நாலு வருடம் ஆனவர்களுக்கு ஒரு கட்டம் வரும். சூரிய நமஸ்காரம் மனப்பாடம். குனிந்தால் கை நிலத்தில் படும். ஆனாலும் உள்ளே ஒன்றும் நடக்காது, பல் விளக்குவது போல ஆகிவிடும். அந்த நேரத்தில் அநேகர் இன்னும் கஷ்டமான ஆசனத்தைத் தேடிப் போவார்கள். நானும் போனேன். சிரசாசனத்தில் நிற்கப் பழகினேன். நின்றேன், இறங்கினேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு கொழும்பில் மூன்று வகையான வகுப்புகளில் ஒவ்வொன்றிலும் ஒரு வருடம் அளவில் கழித்தேன். உடலை நேர்ப்படுத்துகிற ஐயங்கார் முறை, எண்ணிக்கையோடு ஓடுகிற அஷ்டாங்க வின்யாசம், மூச்சை முன்னே விட்டு உடலைப் பின்னே கூட்டிப்போகிற தேசிகாச்சார் வழி. மூன்றுக்கும் ஊற்று ஒன்றுதான்: நூறு வயது வாழ்ந்த திருமலை கிருஷ்ணமாச்சார்யா (1888–1989). ஐயங்கார் அவருடைய மைத்துனர், அஷ்டாங்கத்தைப் பரப்பிய பட்டாபி ஜோயிஸ் மாணவர், தேசிகாச்சார் மகன். 1930களில் மைசூர் அரண்மனை யோகசாலையில் அவர் முன்னால் நின்றவர்களில் பெரும்பாலானோர் பொடியன்கள். அவர்களுக்குத் துள்ளலும் வேகமும் பொருந்தின. பிறகு சென்னையில் அவரிடம் வந்தவர்களில் நோயாளிகளும் வயது போனவர்களும் இருந்தார்கள். மகன் படித்தது அந்தக் காலத்து அப்பாவிடம். “எது அசல்?” என்று சண்டை பிடிப்பவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

மூன்றையும் பொதுவாக ஒப்பிட்டால் பேச்சு காற்றில் போய்விடும். ஆகவே கால்களை அகட்டி நின்று பக்கவாட்டில் சாய்கிற திரிகோணாசனம் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஐயங்கார் வகுப்பில் கால்களுக்கு இடையில் மூன்று, மூன்றரை அடி. வலது பாதம் முழுசாக வெளியே திரும்பும், இடது பாதம் கொஞ்சம் உள்ளே. பிறகுதான் வேலை தொடங்கும். முழங்கால் சில்லை மேலே இழு, இடது குதிக்காலின் வெளி விளிம்பை அழுத்து, வலது இடுப்பைப் பின்னால் கொண்டுபோ. ஒரு பக்கத்துக்கே இருபது நிமிடம் போன நாள் உண்டு. என் கை நிலத்தைத் தொடுவது எனக்குப் பெருமை. வாத்தியார் ஒன்றும் பேசாமல் கைக்குக் கீழே ஒரு மரக்கட்டையை வைத்தார். கை ஒரு சாண் உயர்ந்ததும் விலா எலும்புகள் விரிந்தன. இத்தனை வருடமும் விலாவை மடித்துத்தான் நிலத்தைத் தொட்டிருக்கிறேன் என்பது அன்றைக்குத்தான் விளங்கியது. ஆறு மாதத்தில் நாரிப்பிடிப்பும் பாதி குறைந்தது. இந்த முறைக்கு வேண்டிய சாமானைப் பார்த்துப் பயப்படத் தேவையில்லை. பட்டிக்குச் சாறம், கட்டைக்குப் பழைய ரெயின்போ பேஜஸ் ரெலிபோன் புத்தகம், மிச்சத்துக்கு ஒரு கதிரையும் சுவரும் போதும்.

குறை என்னவென்றால் தலை நிரம்பிவிடும். பத்துக் கட்டளையை ஒரே நேரத்தில் நிறைவேற்றப் போய், தம் பிடித்துக்கொண்டு நிற்பேன். அந்த முறையை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. அதில் பிராணாயாமத்தைப் பிறகுக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். உடல் பக்குவப்பட்ட பிறகு, முதுகுக்குக் கீழே போர்வையை மடித்து வைத்துப் படுத்தபடி தொடங்குவார்கள். பொறுமை இருக்கிறவர்களுக்கு அது வந்து சேரும்.

அஷ்டாங்க வகுப்பில் அதே திரிகோணாசனத்துக்கு ஐந்து மூச்சு. கால் பெருவிரலைப் பிடி, மேல் கையைப் பார், ஐந்து, எழும்பு, மற்றப் பக்கம். யோசிக்க நேரமே இல்லை, அதுதான் அதன் பலம். சூரிய நமஸ்காரம் முதல் வகையில் 9 அசைவு, இரண்டாம் வகையில் 17. ஒவ்வொன்றும் ஒரு மூச்சோடு கட்டியது. உஜ்ஜாயி மூச்சு தொண்டையில் கடல் மாதிரி இரையும். நல்ல நாளில் நாலாவது சுற்றுக்குப் பிறகு நான் செய்கிறேன் என்ற எண்ணம் கழன்றுவிடும், எண்ணிக்கைதான் என்னைச் செய்யும். அசைவிலேயே தியானம் என்பதை நான் முதலில் ருசித்தது இங்கேதான். இதை மறைக்க விரும்பவில்லை, ஏனென்றால் அடுத்து சொல்லப் போவது முறைப்பாடு.

இந்த முறை வளர்ந்த மைசூர் கடல் மட்டத்திலிருந்து 700 மீற்றருக்கு மேலே இருக்கிற ஊர். கொழும்போ கடலோரம், இதன் காற்றில் வியர்வை காயாது. உடல் ஆறாது, விரிப்பு வழுக்கும். சித்திரை மாதத்தில் காலை ஏழு மணிக்கே களைத்துப் போவோம். அடுத்தது தோள். ஆசனத்துக்கு ஆசனம் நடுவில், முழங்கையை மடித்து உடலைப் பலகை மாதிரித் தாங்குகிற சதுரங்க தண்டாசனம் வந்துகொண்டே இருக்கும். முழங்கை விரிந்து தோள் கீழே விழுந்தால், அந்தப் பிழையை ஒரே காலையில் முப்பது நாற்பது தரம் செய்து முடித்துவிடுவோம். நான் போன வகுப்பில் இருபது பேர். முன்னால் நின்றவர் “ஹுஸ்ம கன்ன, ஹுஸ்ம அறின்ன” (மூச்சை எடுங்கள், மூச்சை விடுங்கள்) என்று சிங்களத்தில் தன் வேகத்துக்குச் சொல்லிக்கொண்டு போனார். என் மூச்சு அவருக்குப் பின்னால் ஓடியது. இரண்டு மாதம் 100ஆம் இலக்க பஸ்ஸில் மேல் கம்பியை வலது கையால் பிடிக்க முடியாமல் இடது கையால் தொங்கினேன். பிறகுதான் தெரிந்தது, மைசூர் முறை என்று ஒன்று உண்டு: ஆளாள் தன் தன் மூச்சில் செய்ய, ஆசிரியர் சுற்றிவந்து திருத்துவார். சேர முன்னர் அதைக் கேளுங்கள். எல்லாரும் ஒன்றாக ஓடும் வகுப்பு மட்டும்தான் என்றால், நாற்பது தாண்டியவர்கள் வேறு இடம் பார்ப்பது நல்லது.

மூன்றாவது தேசிகாச்சார் வழி, பார்வைக்கு மிக ஏழை. வெள்ளவத்தையில் ஒரு பிளாட்டின் முன் அறை, ஒரு பாய், வயதான ஒரு ரீச்சர். முழங்காலை மடிக்கலாம், கை எங்கே படுகிறதென்று கவலையில்லை என்றா. மூச்சை விட்டுக்கொண்டு சாய், எடுத்துக்கொண்டு எழும்பு, நாலு தரம். ஐந்தாம் தரம் நில். இதற்கா காசு என்று நினைத்தேன்.

பிடி ஒரே ஒரு விதியில் இருந்தது. முதலில் மூச்சு தொடங்க வேண்டும், பிறகு கை. முதலில் கை நிற்க வேண்டும், பிறகு மூச்சு முடிய வேண்டும். மூச்சு உறை, அசைவு அதற்குள் இருக்கிற கத்தி. மூன்றாம் தரத்திலேயே பிடிபட்டேன்.

“தம்பி, கை வந்திட்டுது. மூச்சு எங்கை?”

இத்தனை வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. கையை மெதுவாக்கினால் மூச்சு முட்டும், மூச்சை இழுத்து நீட்டினால் தோள் இறுகும். இரண்டும் ஒன்றுக்குள் ஒன்று அடங்க எனக்கு ஆறு கிழமை எடுத்தது. அடங்கிய நாளில், பாதி சாய்ந்த, முழங்கால் மடிந்த, யாரும் படம் எடுக்க விரும்பாத ஒரு திரிகோணாசனத்தில், சிரசாசனத்தில் கிடைக்காதது கிடைத்தது. இதில் மாயம் ஒன்றும் இல்லை. மூச்சை விடும்போது இதயத் துடிப்பு கொஞ்சம் மெதுவாகும். விடுகிற நேரத்தை நீட்டினால் அந்த மெதுவும் நீளும். நாலு செக்கன் எடுத்து ஆறு செக்கன் விட்டால் நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கும்போது வளர்ந்தவர்களுக்கு 12 முதல் 20.

மூச்சை அடக்கிப் பிடிக்க ரீச்சர் பல மாதம் விடவேயில்லை. 16 எண்ணி எடுத்து, 64 எண்ணி அடக்கி, 32 எண்ணி விடுகிற திருமூலர் கணக்கை வீடியோவில் பார்த்துவிட்டு நேரே 64க்குப் போகிற இளசுகளை எனக்குத் தெரியும். பிரஷர் கூடியவர்களும் இதய வருத்தக்காரரும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கமே போகக்கூடாது. இந்த வழிக்கும் ஒரு ஓட்டை உண்டு: மூச்சு வடிவாக ஓடுகிறதென்றால் ரீச்சர் இடுப்புக் கோணலைக் கவனிக்காமல் விட்டுவிடுவா. தனி ஆளாகப் பழகுவதால் செலவும் கூட.

காசே வேண்டாம் என்பவர்களுக்குச் சக்மன் என்கிற பௌத்த நடைத் தியானம் இருக்கிறது. பன்சலைகளிலும் (விகாரைகளிலும்) பிக்குகள் இருக்கிற ஆரண்யங்களிலும் அதற்கென்று கூட்டி வைத்த மணல் பாதை இருக்கும். காலைத் தூக்குவது, கொண்டுபோவது, வைப்பது, அது மட்டும்தான் கவனம். மூச்சை நீட்டவோ எண்ணவோ மாட்டார்கள், அதன் பாட்டுக்கு விட்டுவிடுவார்கள். இருந்து கண்ணை மூடினால் நித்திரை வருகிறவர்களுக்கு நல்ல மருந்து. நான் எங்கள் பிளாட்டின் மொட்டைமாடியில் இருபது அடி நடக்கிறேன். கடலோர மரைன் டிரைவில் முயன்று பார்த்ததில் ரயிலும் வடைக்காரரும் வென்றார்கள்.

நாரியோ முழங்காலோ நோகிறதென்றால், அல்லது இதுவரை ஒருவரும் உங்களைத் திருத்தவில்லையென்றால், ஐயங்கார் வகுப்பில் மூன்று மாதமாவது இருங்கள். முப்பதுக்குக் கீழே, விடிய ஐந்தரைக்கு எழும்பத் தெம்பு இருந்தால் அஷ்டாங்கம். என்னைப் போல நடுவில் நிற்கிறவர்களுக்கு மூச்சு வழிதான் என்பேன். கிழமையில் நாலு காலை ரீச்சர் சொன்னபடி செய்கிறேன். மாதத்தில் ஒரு சனிக்கிழமை பழைய ஐயங்கார் வகுப்புக்குப் போய்க் கோணலைப் பார்த்துக்கொண்டு வருகிறேன்.

போன மாதம் அங்கே என் மடிந்த முழங்காலைக் கண்ட வாத்தியார், “இது யாரிட்டைப் பழகினது?” என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் நிமிர்த்திவிட்டார். அடுத்த செவ்வாய் ரீச்சர் அதே முழங்காலைப் பார்த்துச் சிரித்துவிட்டு மடித்துவிட்டா. இப்போதைக்கு வலதை நீட்டியும் இடதை மடித்தும் செய்கிறேன். இடது காலை நீட்டினால் மூச்சு கையை விட முந்தி முடிந்துவிடுகிறது.